கோப்பி மெசினில் குறுணல்

அறுகம்பேயிலிருந்து லொறியில் வந்து இறங்கிய சாமானைப் பார்த்து, சுபைறாவின் மில்லுக்கு மாவரைக்க வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். ஐஸ்கிறீம் மெசின் என்றாள் ஒருத்தி. இல்லை, ஆஸ்பத்திரியில் ஊசி அவிக்கிற பெட்டி என்றாள் இன்னொருத்தி. பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியது வழி தவறி இங்கே வந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று மூன்றாமவள் கதையை முடித்து வைத்தாள்.

உண்மையில் அது ஒரு கோப்பி மெசின். இத்தாலியில் செய்தது, ஐம்பது அறுபது வயது இருக்கும். செம்பில் ஒரு பொயிலர், அதன் முன்னால் கிணற்றுப் பம்பின் கைபோல நிமிர்ந்து நிற்கும் இரண்டு கைப்பிடிகள், சுற்றிவர ஒருகாலத்தில் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியிருக்கக்கூடிய தகடு. அறுகம்பேயில் விடுதி நடத்திய ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தளபாடங்களை விற்றார். கதிரை வாங்கப் போன முகைதீன்பாவா கதிரையை மறந்துவிட்டு இதைக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

முகைதீன்பாவா சுபைறாவின் மூத்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன். கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகிற வீதியில் ஹோட்டல் வைத்திருக்கிறார். அறுகம்பேயில் அலைச்சறுக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒரு சின்னக் கோப்பைக் கோப்பிக்காக வரிசையில் நிற்பதைக் கண்ட நாளிலிருந்து மனிதருக்கு நித்திரை இல்லை. கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு ஊரெல்லாம் திரண்டு வரும். அன்றைக்குத் தன் ஹோட்டலில் இந்தக் கோப்பி ஊற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தார். மெசின் ஓடுமா ஓடாதா என்று பார்க்க முதலே ‘இத்தாலிக் கோப்பி’ என்று போர்ட்டும் எழுதி வாங்கிவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், பந்தலைப் போட்டுவிட்டுப் பெண் தேடுகிற ஆள்.

அந்த மெசினுக்கு உயிர் கொடுக்கிற வேலை காலிதீனிடம் வந்தது.

காலிதீனுக்கு நாற்பத்தாறு வயது. சம்மாந்துறைப் பக்கத்து நெல் மில்களின் பொயிலர், கலியாண வீட்டு காஸ் அடுப்பு, புதுப் பெண்கள் கருக்கிய பிறஷர் குக்கர் எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். ஆவி அடைபட்டுக் கிடக்கிற எந்தச் சாமானும் அவன் சொல் கேட்கும் என்று ஊரில் பேர். மூன்று தங்கச்சிமாருக்கு மூன்று வீடு கட்டிக் கொடுத்து, மூன்று மாப்பிள்ளைகளை அந்த வீடுகளுக்குக் கூட்டிவந்து விட்டு, நிமிர்ந்து பார்த்தபோது அவன் தலையில் பாதி மயிர் இல்லை. இந்தக் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண்சாதியின் வீட்டில்தான் இருப்பான். பெண்சாதி இல்லாதவனுக்குப் படுக்க இடம் இருக்கும், வீடு இருக்காது. காலிதீன் தன் பட்டறையின் பின்னறையில் படுத்தான், கடைசித் தங்கச்சி றாஹிலா வீட்டில் சாப்பிட்டான்.

அவனுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. அது சுபைறா.

இரண்டு வருஷத்துக்கு முதல் அவளுடைய மில்லில், அரிசி கொட்டுகிற தகரப் பெட்டி ஒன்று புதிதாக ஒட்டிக் கொடுக்கப் போனான். அளவெடுக்க நாடாவை இழுத்தபோது, அளவு எடுத்தாகிவிட்டது என்று சொல்லி அவள் ஒரு சிமெந்துப் பேப்பரை நீட்டினாள். நான்கு பக்கமும் சரிவும் மூலையும் பென்சிலால் கீறியிருந்தது. காலிதீன் நம்பாமல் தானும் அளந்து பார்த்தான். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மனிதன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான். அந்தச் சிமெந்துப் பேப்பர் இன்றைக்கும் அவன் மேசை லாச்சிக்குள் மடித்துக் கிடக்கிறது.

சுபைறாவுக்கு நாற்பத்திரண்டு வயது. முதல் கலியாணம் எட்டு வருஷத்தில் பிரிந்து போயிற்று. அந்த மனிதர் அடிக்கிறவர் அல்ல, குடிக்கிறவரும் அல்ல. எது பிழைத்தாலும் பிழை சுபைறாவில்தான் என்பார், அவ்வளவுதான். மோட்டர் எரிந்தாலும் அவள், மீன் பழுதானாலும் அவள், பெருநாளைக்கு மழை பெய்தாலும் அவள். பிரிந்த பிறகு சுபைறா மில் போட்டாள். அவளுடைய கோப்பித்தூளுக்கு மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் அளவாகச் சேர்த்து, கோப்பிக்கென்றே வைத்த தனி மெசினில் மைபோல அரைத்துக் கொடுப்பாள். உள்ளங்கையில் போட்டு ஊதினால் பறக்க வேண்டும், குடித்து முடித்தால் கோப்பையில் மண்டி நிற்கக் கூடாது. நல்ல தூளுக்கு ஊர் வைத்த சட்டம் அது. அந்தச் சட்டப்படி சுபைறாவை மிஞ்ச ஆளில்லை, அது அவளுக்கும் தெரியும்.

றாஹிலாதான் காக்காவுக்காகக் கலியாணம் பேசிப் போனாள். சுபைறா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“தங்கமான ஆள் எண்டு மத்தவங்க சொல்லக் கேட்டு ஒருக்கா முடிச்சாச்சு,” என்றாள். “இந்தமுற கண்ணால பாத்துத்தான்.”

பார்ப்பதற்கு வழியும் அவளே கண்டுபிடித்தாள். அந்த மெசின் சூடேற மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். ஹோட்டலுக்கு அந்த லைன் கொடியேற்றத்துக்குக் கொஞ்சம் முதல்தான் வரும், இப்போதைக்குக் கிட்டடியில் அது இருக்கிற இடம் அவளுடைய மில். இறக்கிய சாமானை மில் விறாந்தையில் வைத்தே வேலை செய்யட்டும் என்று காக்காவிடம் சொன்னாள். கொடியேற்றத்துக்குள் பதில் சொல்வதாக றாஹிலாவுக்கும் சொல்லி அனுப்பினாள். றாஹிலா அதோடு விடுகிற ஆளா, போய்க் கிண்டிக் கிளறி இன்னொன்றையும் அறிந்துகொண்டு வந்தாள்.

“அவ பாக்கப் போறது ஒண்டத்தான் காக்கா. ஒரு சாமான் பிழைச்சா நீங்க யார்ல பழியப் போடுறீங்க எண்டு.”

இவ்வளவுதானா என்று காலிதீன் மனதுக்குள் சிரித்தான். பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்வது அவனுக்குக் கைவந்த கலை. மூன்று தங்கச்சிமாரோடு வளர்ந்தவனுக்கு அதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

அந்த ஒரு மாதம் காலிதீன் இருந்த சந்தோஷத்தில் அந்த வீதியில் வேறு யாரும் இருக்கவில்லை. காலையில் பத்து மணிக்கு வந்தால் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் மட்டும் விறாந்தையில்தான் இருப்பான். மெசினை ஆணி ஆணியாகக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு பழைய பாயில் அடுக்கினான். கடற்காற்றில் இரும்பெல்லாம் கறள் பிடித்திருந்தது. செம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பொயிலரின் உள்ளே மட்டும் அறுகம்பேத் தண்ணீரின் உப்பு ஒரு விரல் கனத்துக்குக் கல்லாகப் படிந்து கிடந்தது. அதைப் புளிப்பில் கரைக்க, சாறு பிழிய இரண்டு கூடை தேசிக்காய் வாங்கப் போனான். கல்முனைச் சந்தையில் தேசிக்காய் விற்கிற சாமித்தம்பி, இவ்வளவு எதற்கு, வீட்டில் கலியாணமா என்று கேட்டார். காலிதீன் வெட்கத்தில், இன்னும் இல்லை என்று சொல்லி வைத்தான். அந்த ‘இன்னும்’ அவனுக்கு முதலே ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

மில்லுக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. முதல் கிழமை, ஏழு நாளும், அது பாதி திறந்திருந்தது. இரண்டாம் கிழமை முழுதாகத் திறந்தது. அதற்குள்ளால் சுபைறா கேள்வி கேட்பாள், காலிதீன் கையில் சாமானை வைத்துக்கொண்டு பதில் சொல்வான். கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு பெரிய ஸ்பிறிங் சுருங்கும், கொதிநீர் தூளின் மேல் வந்து நிற்கும். கையை விட்டால் ஸ்பிறிங் விரிந்து தண்ணீரைத் தூளுக்குள்ளால் அமத்தித் தள்ளும், கைப்பிடி தானாக மெல்ல மேலே ஏறும், கீழே கோப்பி வடியும். இதையெல்லாம் அவள் ஒருதரம் கேட்டால் போதும், இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை. தூள் வைக்காமல் கைப்பிடியை விட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டாள். அதைக் காலிதீன் முதல் நாளே அறிந்திருந்தான். கைப்பிடி பறந்து வந்து இடித்ததில் நாடியில், உதட்டுக்குக் கீழே, இருந்த வீக்கத்தைக் காட்டினான். அன்றைக்குத்தான் அவள் சிரித்ததை முதன்முதலாகக் கண்டான்.

கிடைக்காத உறுப்புகளை அவனே செய்தான். பெரிய பிறஷர் குக்கரின் ரப்பர் வளையத்தை வெட்டி அடைப்பு வைத்தான். நெல் மில் பொயிலரில் கழற்றிய அமுக்கமானியைப் பூட்டினான். எரிந்த கொயிலை மாற்றினான். தகட்டைப் புளி போட்டுத் தேய்க்கிற வேலையைச் சுபைறா தன் பொறுப்பில் எடுத்தாள். ஒரு மாதம் முடிய, விறாந்தையில் நின்றது லொறியில் வந்த சாமான்தான் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இரும்புக் கடை என்று சொன்ன பெண் அதன் முன்னால் நின்று முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு போனாள்.

கொடியேற்றம் அடுத்த வெள்ளிக்கிழமை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு முகைதீன்பாவா வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரனுமாக முதல் கோப்பி குடிக்க வந்தார். சுபைறா அன்று காலையில் அரைத்த தூளைக் கொடுத்தாள். காலிதீன் அதை, மெசினில் தூள் வைத்துப் பூட்டுகிற பிடிக்கரண்டியில் வைத்து அமத்திப் பூட்டி, பிஸ்மி சொல்லிக் கைப்பிடியை இழுத்து விட்டான். கைப்பிடி ஏறவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கால் மணித்தியாலம் போயும் அது கீழேயே கிடந்தது, ஒரு சொட்டு வரவில்லை. காலிதீன் பொறுமை இழந்து பிடிக்கரண்டியைச் சற்றுத் திருப்பினான். அவ்வளவுதான், உள்ளே அடைபட்டிருந்ததெல்லாம் ஒரே சீற்றமாக வெளியே வந்தது. சூடு ஓரளவு ஆறியிருந்ததால் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகைதீன்பாவாவின் வெள்ளைச் சேட்டுத்தான் அதற்குப் பிறகு வெள்ளைச் சேட்டாக இருக்கவில்லை.

“என்ட கையிலதான் பிழ காக்கா,” என்றான் காலிதீன் உடனே. ஜன்னலுக்குள் நின்ற சுபைறா அதைக் கேட்டாள். அவள் கேட்டதை அவனும் கண்டான்.

ஸ்பிறிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்து அதைக் கழற்றி அடியில் தகடு வைத்து இறுக்கினான். சனிக்கிழமை மறுபடியும் அடைத்தது. சல்லடைத் தட்டில் இன்னும் உப்பு இருக்கும் என்று அதை ஊற வைத்துக் கழுவினான். ஞாயிற்றுக்கிழமையும் அடைத்தது. ஒவ்வொரு முறையும் என் பிழை, என் கைப் பிழை என்றே சொன்னான். சுபைறாவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்த சுபைறா சும்மா இருப்பாளா, தன்னால் ஆன உதவியைச் செய்தாள். சனிக்கிழமை தூளை இரண்டாம் தரம் அரைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அரைத்து, சல்லடையில் அரித்தும் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சுபைறா மத்தியானம் லுஹர் தொழப் போயிருந்த நேரம், காலிதீன் தனியே மெசினை முறைத்துக்கொண்டு இருந்தான். தூள் இல்லாமல் தண்ணீர் நன்றாக வருகிறது. தூள் வைத்தால் நின்றுவிடுகிறது. மில் தரையில் யாரோ சிந்திய குறுணல் அரிசி கிடந்தது. என்ன நினைத்தானோ, அதில் ஒரு கைப்பிடி அள்ளிப் பிடிக்கரண்டியில் போட்டு, நாடியை ஒதுக்கி வைத்துக்கொண்டு கைப்பிடியை இழுத்து விட்டான். கைப்பிடி அழகாக மேலே ஏறியது. கோப்பையில் கஞ்சித் தண்ணீர்போல வெள்ளையாக வடிந்து நிறைந்தது.

காலிதீன் முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயிற்று. மெசினில் பிழை இல்லை. அவன் கையிலும் இல்லை. பிழை சுபைறாவின் தூளில் இருந்தது. கோப்பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிற ஊருக்கு மைபோல அரைத்த தூள் சரி. இந்த மெசினுக்கு அது சிமெந்து பூசினது மாதிரி. அவள் உதவி என்று நினைத்து அரைக்க அரைக்க அடைப்புக் கூடிக்கொண்டே போயிருக்கிறது. இதை வாய் திறந்து சொன்னால் அவன் யார்? மோட்டர் எரிந்தாலும் சுபைறா, மழை பெய்தாலும் சுபைறா என்ற அந்த மனிதருக்குத் தம்பி.

குறுணலைக் கொட்டிவிட்டுப் பிடிக்கரண்டியைக் கழுவி வைத்தான்.

அன்றைக்கு அவன் சோறு அளைந்ததைப் பார்த்து றாஹிலா விஷயத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். நிக்காஹ் முடியும் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவளுடைய தீர்ப்பு.

“பழி போடத்தான் வேணுமெண்டா இத்தாலிக்காரன்ல போடுங்க,” என்றாள். “அவன் வந்து கேக்கவா போறான்?”

செவ்வாயும் புதனும் காலிதீன் ஒரே ஆணியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினான். புதன்கிழமை சுபைறா ஜன்னலுக்குள்ளால் ஒரு தட்டில் தொதல் இனிப்பும் தேத்தண்ணியும் நீட்டி, மனதைத் தளர விடவேண்டாம், சாமான் வயது போன சாமான், உங்களில் பிழை இல்லை என்று ஆறுதல் சொன்னாள். தொதலை ஒரு கடி கடித்துத் தட்டிலேயே வைத்தான். இத்தனை வருஷமும் அவன் யார் யாருக்காகவோ பழி ஏற்றிருக்கிறான், அதெல்லாம் பாரமாக இருந்ததே இல்லை. இந்தப் பழி மட்டும் பொய்யாக இருந்தது. பொய்யைச் சொல்லி ஒரு வீட்டுக்குள் போனால் அது எப்படி அவனுடைய வீடாகும்? இந்த யோசனை அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விட்டுப் போகவுமில்லை.

வியாழக்கிழமை காலையில் முகைதீன்பாவா, முன்யோசனையாகக் கறுப்புச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். விடிந்தால் கொடியேற்றம். போர்ட்டை இறக்குவதா வைப்பதா என்று இன்றைக்கு முடிவாக வேண்டும் என்றார். மாவரைக்க வந்த பெண்கள் ஐந்தாறு பேர் விறாந்தை ஓரத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு நின்றார்கள். சுபைறா உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தோடு வெளியே வந்தாள். விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு மில்லைத் திறந்திருக்க வேண்டும். அவளுடைய புருவம், இமை, முக்காட்டின் ஓரம் எல்லாம் கோப்பித்தூள் படிந்து மண்ணிறமாக இருந்தது.

“இதையும் ஒருக்காப் போட்டுப் பாருங்க,” என்றாள். “மூணுதரம் அரைச்சு, துணியில அரிச்சிருக்கன்.”

காலிதீன் அந்த இமையைப் பார்த்தான். றாஹிலா சொன்னதெல்லாம் அவனுக்கு நினைவில் இருந்தது. ஆனால் இப்படி ஒருத்தி நிற்கும்போது இத்தாலிக்காரனைப் பற்றிக் கதைக்க அவனுக்கு வாய் வரவில்லை.

“போட்டா அடைக்கும்,” என்றான். “மெசின்ல பிழ இல்ல. என்ட கையிலயும் இல்ல. தூள்லதான் பிழ.”

முகைதீன்பாவா இரண்டடி பின்னால் போனார். பெண்கள் கதையை நிறுத்தினார்கள். சுபைறாவின் தூளில் பிழை என்று கல்முனையில் யாரும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. காலிதீன் நிறுத்தவில்லை, நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்தவன்போல, குறுணல் போட்டுப் பார்த்ததைச் சொன்னான், தண்ணீர் வடிந்ததைச் சொன்னான், நீங்கள் நன்றாக அரைக்க அரைக்கத்தான் இது மூச்சு முட்டுகிறது என்பதையும் சொன்னான்.

சுபைறா பொட்டலத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

“எப்ப தெரிஞ்ச உங்களுக்கு?”

“திங்கக்கிழம.”

“இண்டைக்கு வியாழன்.”

“ஓம்.”

“ஏன் சொல்லல்ல?”

அத்தனை பேருக்கு முன்னாலும் காலிதீன் சொன்னான். “சொன்னா நீங்க என்ன வேணாமெண்டு போயிருவீங்க எண்டு பயம்.”

சுபைறா திரும்பி உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள். சற்று நேரத்தில் மில் ஓடுகிற சத்தம் நின்றது. காலையில் அந்தச் சத்தம் நின்று அந்த வீதி கேட்டதில்லை. இரும்புக் கடை என்று சொன்ன பெண் தன் அரிசிப் பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். முகைதீன்பாவா போர்ட்டை நினைத்தாரோ தங்கச்சியை நினைத்தாரோ, நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தார். காலிதீன் குனிந்து ஸ்பெனர்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போடத் தொடங்கினான். பட்டறையின் பின்னறைக்குப் போகிற வழி அவனுக்குப் பழக்கமான வழி.

ஜன்னல் திறந்தது.

“பதினாலாம் நம்பர் ஸ்பெனர் ஒண்டு தாங்க,” என்றாள் சுபைறா.

காலிதீன் கொடுத்தான். கையை நீட்டியபோதுதான் உள்ளே கண்டான், கோப்பி அரைக்கிற மெசினின் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள், தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிற திருகாணியில் அவள் கை இருந்தது. பத்து வருஷமாக அந்தத் திருகாணி ஒரே இடத்தில் இறுகிக் கிடந்தது. முழுப் பலத்தையும் போட்டு அதை அவளே தளர்த்தினாள், உதவி கேட்கவில்லை.

கோபமா என்று காலிதீன் மெதுவாகக் கேட்டான்.

“அந்த மனிசன் எட்டு வருஷத்தில ஒண்டையும் கழட்டிப் பாத்தவரில்ல,” என்றாள் அவள், திருகாணியில் இருந்து கண்ணை எடுக்காமல். “நீங்க எல்லாத்தையும் கழட்டிப் பாத்திட்டுத்தானே சொன்ன. அந்த மூணு நாளுக்குத்தான் கோவம்.”

அதன் பிறகு அந்த விறாந்தையில் நடந்தது ஒரு கூத்து. வறுத்த கோப்பிக்கொட்டையில் ஒரு பிடியோடு மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவள் உள்ளேயிருந்து அரைத்து நீட்டுவாள், அவன் பூட்டிக் கைப்பிடியை இழுப்பான். முதல் தூள் குறுணலைவிடப் பருமன், கைப்பிடி பறந்து ஏறியது, நாடி தப்பியது. வடிந்தது பாத்திரம் கழுவின தண்ணீர். கால் சுற்று இறுக்கச் சொன்னான். அவள் அரைச் சுற்று இறுக்கினாள், அவளுக்குத் தன் மெசினைத் தெரியும். இரண்டாவது கொஞ்சம் நிறம் பிடித்தது. நாலாவது மறுபடியும் அடைத்தது. பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அரிசிப் பெட்டி மறுபடி தரைக்கு வந்தது. ஆளாளுக்கு இறுக்கு, தளர்த்து என்று புத்தி சொன்னார்கள். முகைதீன்பாவா ஒவ்வொரு கோப்பையையும் மணந்து பார்த்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார், அவருக்கு எல்லாமே ஒரே மணமாக இருந்தது.

ஏழாவது தரம் காலிதீன் கைப்பிடியை விட்டபோது, அது தயங்கியது. தயங்கி, பிறகு மெல்ல, ஒரே சீராக ஏறத் தொடங்கியது. பிடிக்கரண்டியின் மூக்கில் முதலில் ஒரு சொட்டு தொங்கியது. அதன் பின்னால் தேன்போலத் தடித்து, கருஞ்சிவப்பாக, நூல் பிடித்தாற்போலக் கோப்பி இறங்கியது. மேலே பொன்னிறத்தில் நுரை கட்டியது. வேர்க்கொம்பும் மல்லியும் கோப்பியும் கலந்த வாசம் விறாந்தையைத் தாண்டி வீதிக்குப் போயிற்று. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று இங்கே என்ன விசேஷ வீடு என்று கேட்டார்.

முதல் கோப்பையைக் காலிதீன் சுபைறாவிடம் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்து, கைக்கிறது என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். மூன்றாம் வாயில் குடித்து முடித்தாள். கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்து, மண்டி இல்லை என்றாள். அவளுடைய சட்டத்தில் அது தேறிவிட்டது. பெண்கள் கைகொட்டாத குறை. காலிதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது, பொயிலரின் ஆவி என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

முகைதீன்பாவாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. கோப்பி சரி, போர்ட் தப்பியது, அப்படியென்றால் மற்றக் கதைக்கு என்ன பதில் என்று எல்லாருக்கும் முன்னால் போட்டு உடைத்தார்.

சுபைறா காலிதீனைப் பார்க்கவில்லை. காக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“ஒரு உண்மையச் சொல்ல மூணு நாள் எடுக்காரு காக்கா. அடுத்தமுற மூணு மணித்தியாலத்துக்குள்ள சொல்லோணும் எண்டு சொல்லுங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். மில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. காலிதீன் பிடிக்கரண்டியைக் கழுவிக்கொண்டு நின்றான். அடுத்தமுறை என்றாளே, எதற்கு அடுத்தமுறை என்று யோசித்தான். மெசின் இன்றைக்கே ஹோட்டலுக்குப் போகிறது, இந்த விறாந்தையில் இனி அவனுக்கு வேலை இல்லை, பிறகு எங்கே வரும் அடுத்தமுறை? பெண்கள் எல்லாரும் அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகைதீன்பாவா எழும்பி வந்து, ஈரக் கையோடு நின்ற அவனைக் கட்டிப்பிடித்தார். அப்போதுதான் ஆளுக்கு விளங்கியது. கையில் இருந்த பிடிக்கரண்டி சிமெந்துத் தரையில் விழுந்தது. அந்த நெளிவு இன்றைக்கும் அதில் இருக்கிறது.

மறுநாள் கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறியது. ஹோட்டலில் காலிதீன் இரண்டு கைப்பிடிகளையும் மாறி மாறி இழுத்தான். நிந்தவூரில் இருந்தும் பாண்டிருப்பில் இருந்தும் வந்த சனம் சின்னக் கோப்பையைப் பார்த்து, மருந்தா என்று கேட்டு, குடித்து, இரண்டாவதும் கேட்டது. இரும்புக் கடை என்று சொன்ன பெண் மட்டும் மூன்று குடித்தாள். ‘இத்தாலிக் கோப்பி’ என்ற போர்ட்டில் கீழே சிவப்பில் புதிதாக ஒரு வரி இருந்தது: தூள், சுபைறா மில்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு பள்ளியில் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டார்கள். றாஹிலா அழுது, சிரித்து, காக்காவின் இரண்டு உடுப்புப் பெட்டிகளையும் உள்ளே வைத்துவிட்டுப் போனாள். ஒன்றில் அந்தச் சிமெந்துப் பேப்பர் இருந்தது. சனம் கலைந்த பிறகு சுபைறா குசினிக்குள் போய், மைபோல அரைத்த பழைய தூளில் ஒரு கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து காலிதீனிடம் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“சீனி கூடிப்போச்சு,” என்றான்.

சுபைறா சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கியவள் வெகுநேரம் சிரித்தாள். காலிதீன் மிச்சக் கோப்பியையும் குடித்து முடித்தான். அவன் தன் வீட்டில் குடித்த முதல் கோப்பி அது.